இல்லத்தில் கூடி நூல் பயின்றோர்: கும்பகோணமும் வண்ணார்பேட்டையும்

தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை எழுதப் புகுவோர் சுவடிகளையும், அவற்றைத் தேடியலைந்த பதிப்பாசிரியர்களையும், அச்சுக்கூடங்களையும், பொருளுதவி புரிந்த செல்வர்களையும் முறையாக எடுத்துரைப்பர். அங்ஙனம் உரைப்பது தக்கதே. ஆயினும், இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொன்று பெரும்பாலும் எண்ணப்படாமலே விடுபட்டு வந்திருக்கின்றது. நண்பர் சிலர் ஒருவர் இல்லத்தில் நாள் வரையறுத்துக் கூடி, ஒரு நூலை எடுத்து, ஒருவர் படிக்கப் பிறர் கேட்டு, ஐயுற்றும் வினவியும் அதன் பொருளைத் தெளிந்துகொண்ட வழக்கமே அது. பதிப்பு வரலாற்றில் இவ்வழக்கத்துக்குரிய இடம் ஒரு சுவையான செய்தி என்னும் அளவில் நின்றுவிடுவதன்று என்பது நமது கருத்து. அதனை இரண்டு சான்றுகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கூடிப் படித்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. மடங்களில் பாடம் கேட்டலும், அரசவையிலும் கோயில் மண்டபத்திலும் நூல் அரங்கேற்றுதலும் பழமையானவை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வந்துள்ளது. ஆனால் இவை யாவும் ஒரு பொதுத்தன்மை உடையவை. பொருள் முன்னரே ஒருவரிடம் அமைந்து கிடக்கின்றது. அவர் அதனைப் பிறர்க்கு வழங்குகின்றார். ஆசிரியர் அறியாததைக் கேட்க மாணாக்கன் துணிவதில்லை. துணியின் அது அடக்கமின்மையாகக் கொள்ளப்படும். இல்லத்துக் கூட்டம் இதனின் வேறுபட்டது. அங்கே கூடியவர்கள் வயதாலும் பதவியாலும் வேறுபட்டவராயினும் நூலின் முன்னர் ஏறத்தாழ ஒரே நிலையினர். எவரும் முழுதும் அறியாத நூலை எடுத்துக்கொள்ளுதலும் அங்கே இயலும். இவ்வேறுபாடே பின்னர்க் கூறப்போகும் செய்திகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் புலமை நிரம்பும் வகையைப் பின்னக் கணக்காகவே வகுத்துள்ளார். ஆசிரியனிடம் செவ்வையாகக் கேட்டுக்கொண்டவன் பெறுவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கை மாணாக்கர் மனப்பாடம் செய்வதுண்டு. அதன் பொருளை நின்று எண்ணுவார் சிலரே. புலமையின் முக்காற்பங்கு ஆசிரியனுக்குப் புறத்தேதான் கிடைக்கின்றது என்றன்றோ இலக்கண நூலார் கூறிவைத்தார்! அம்முக்காற்பங்கு கிடைக்கும் இடம் எது என்பதற்கு 1880ஆம் ஆண்டுக் கும்பகோணம் விடையளிக்கின்றது.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் உ. வே. சாமிநாதையர், தியாகராச செட்டியார் வகித்த இடத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1876இல் அவர் மறையும் வரையில் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் பெற்றவர். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், கலம்பகங்கள், தலபுராணங்கள் என அவர் கற்றிருந்தவை மிகப் பல. அக்காலத் தமிழ்க் கல்விக்கு அதனினும் மேற்பட்ட அளவுகோல் இல்லை.

சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முனிசீப்பாக வந்து சேர்ந்ததும் அவ்வாண்டிலேயாகும். சாமிநாதையர் அவரை முதன்முதற் கண்டது 1880 அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை. கற்ற நூல்கள் யாவை என முதலியார் வினவினார். ஆசிரியர் பெருமிதத்தோடு நூற்பட்டியை அடுக்கினார். முதலியார் எதற்கும் வியக்கவில்லை. இவையெல்லாம் பிற்கால நூல்கள் என்றும், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றும் கேட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களை மொழிந்தார். அவை கையில் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துப் பொருள் காண இயலும் என்பது ஆசிரியர் விடை. முதலியாரிடம் சிந்தாமணியின் காகிதப் பிரதி ஒன்று இருந்தது. ஓரிரு சந்திப்புகளுக்குள் அது கைம்மாறிற்று. தம்மோடிருந்து பாடம் சொல்லவேண்டும் என்பதே கொடுத்தவர் கேட்டுக்கொண்டது.

தமிழாராய்ச்சியாளர் இச்சந்திப்பைப் பலமுறை எடுத்து எழுதியுள்ளனர். ஆனால் பெரும்பாலோர் பிரதி கைம்மாறியதோடு நிறுத்தி, அதன்பின் உடனே 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தாவிவிடுகின்றனர். இடையே நிகழ்ந்தது யாது? முனிசீப்பின் இல்லத்தில் நிகழ்ந்த தொடர்ந்த வாசிப்பு அது. அதைத்தான் நாம் சற்று நின்று நோக்கவேண்டும்.

சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் உடையது. நச்சினார்க்கினியர் உரையோடு கூடியது. அன்று அச்சில் இருந்தது நாமகளிலம்பகம் ஒன்றுதான்; அதனைப் பௌவர் பாதிரியார் 1868இல் வெளியிட்டிருந்தார். எனவே படிப்பவர்க்குத் துணையாக முன்னோர் பாடம் இல்லை. மடத்தில் கேட்ட மரபும் இல்லை. முதலியாரோ வழக்குமன்றத்தில் சாட்சியங்களைத் துருவிப் பழகியவர். ஒரு சொல்லையும் வாளா விடாமல் வினவுவார். பிறரிடத்தில் என்றால் பொதுப்பொருள் கூறிக் கடந்துவிடலாம். அவரிடத்தில் அது செல்லாது. அறியாததை அறியேன் என்று ஒப்புக்கொள்வதன்றி ஆசிரியர்க்கு வேறு வழியில்லாது போயிற்று. அவர் இரவெல்லாம் நூலையும் உரையையும் புரட்டி, மறுமுறை செல்லும்போது விடையோடு செல்ல முயன்றார்.

நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் பல. அவை எந்நூலினவை என அவர் குறிப்பதோ அரிது. அவ்வடிகளின் இருப்பிடத்தைத் தேடப் புகுந்ததே சாமிநாதையரைப் பத்துப்பாட்டு முதலிய பழஞ்சுவடிகளின்பாற் செலுத்தியது. கல்லூரி வகுப்பில் இத்தேடல் எழுந்திராது என்பது வெளிப்படை. அங்கே பாடம் தேர்வுக்காக. தேர்வுக்கு மேற்கோளின் மூலம் வேண்டுவதில்லை. மடத்திலும் எழுந்திருப்பது அருமை. சைவச் சூழலில் சமண காவியத்துக்கு இடம் குறுகியது. அநபாய சோழன் சிந்தாமணியில் திளைத்திருக்கக் கண்டு சேக்கிழார் இடித்துரைத்தார் எனச் சேக்கிழார் புராணம் கூறும் செய்தி அச்சூழலின் உள்ளத்தைக் காட்டப் போதுமானது. மதத்தையும் தேர்வையும் வெளியே நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசத்தக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்விடம் முதலியாரின் இல்லமாயிற்று.

எனினும் இருவர் வினாவும் விடையும் கொண்டு தீராத ஐயங்கள் பல எஞ்சின. சீவன், கதி, கருமம், அருக சரணம் எனச் சமணர் தம் வாழ்க்கையிலே வழங்கும் சொற்களுக்கு அகராதி நோக்கிப் பொருள் காண்பது ஒருவகை. அவற்றை வழங்குவோரிடமே கேட்பது மற்றொரு வகை. கும்பகோணத்தில் அந்நாளில் சமணக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. அவர்களை நாடிச் சென்ற சாமிநாதையர் கண்டது வியப்புக்குரியது. அங்கே ஓர் இல்லத்தில் மாவிலைத் தோரணமும் விழாக் கோலமும் காணப்பட்டன. காரணம் வினவியபோது, சிந்தாமணியைப் பல திங்களாகப் படித்துக் கேட்டு அன்று நிறைவு செய்கின்றனர் எனத் தெரிந்தது. இதனை அவர்கள் சிரவணம் என வழங்கினர். தமிழ்ப் புலவருலகம் மறந்துவிட்டது என்று கருதப்பட்ட நூல், அதே ஊரில், அடுத்த தெருவில், ஒரு குடும்பத்தினரும் சுற்றத்தினரும் கூடிக் கேட்கும் நூலாக உயிரோடிருந்தது!

வீடூர் அப்பாசாமி நயினார் என்னும் சமணப் பெரியாரும், சந்திரநாத செட்டியாரும் சாமிநாதையர்க்கு அவ்வில்லங்களிலே துணையாயினர். செட்டியார் காவியத்தைக் கேட்டறிந்தவர். சமய வழக்குகளில் பழகியவர். நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமணரிடையே தங்கி அவர் சமய நூல்களைக் கற்றுத் திருத்தி எழுதினார் என்றும் சமணரிடையே ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அது வரலாறோ அன்றோ, அச்செய்தியின் பொருள் நுட்பமானது. உரையாசிரியர் வழி இதுவாயின், பதிப்பாசிரியர் வழியும் அதுவே என்பதைத்தான் கும்பகோணம் மீண்டும் மெய்ப்பித்தது.

அவ்வில்லத்துச் செய்தி ஒன்று தனியே குறிக்கத்தக்கது. சாமிநாதையர் கேட்கும் வினாக்களையும் அவர்தம் ஈடுபாட்டையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த செட்டியாரின் மனைவியார், இவர் பவ்விய சீவன் போலும் என்று கூறினாராம். வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற உயிரைச் சமணர் அப்பெயரால் வழங்குவர். பிற சமயத்து இளைஞர் ஒருவரைப் பற்றி அம்மூதாட்டியார் இவ்வாறு கூறியதில் பாராட்டுமட்டும் அன்று. மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. அக்கூட்டத்தில் அமராமலே அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும், கேட்டதைச் சமயக் கலைச்சொல்லால் மதிப்பிடும் அளவு அவர்க்குத் தெளிவு இருந்தது என்பதும் அதனால் பெறப்படும். வீட்டுக் கூட்டங்களின் வரலாற்றில் பெண்டிர் பெயர் காணப்படாமையை அவர்தம் அறிவின்மைக்குச் சான்றாகக் கொள்வார்க்கு இவ்வொரு சொல்லே மறுப்பாகும். ஆயினும் அம்மையாரின் பெயர் பதிப்பின் முகவுரைப் பட்டியலில் இடம்பெறும் வகையினதாக அக்காலம் இருக்கவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

முதலியார் பின்னர்ச் சென்னையில் வழக்கறிஞராக அமர்ந்தார். 1885இல் இந்தியர் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவராகவும் இருந்தார். நூலை அச்சிடவேண்டும் என்று அவர் தூண்டியவண்ணமே இருந்தார். அந்நாளில் பழந்தமிழ்ப் பதிப்பில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கக் கருதி, சாமிநாதையர் திரட்டியவற்றைத் தருமாறு அவர் கேட்டதுண்டு. சாமிநாதையர் இசையவில்லை. இம்மறுப்பைப் புகழாசை என்று கூறினாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. பல இல்லங்களில் பலரிடம் கேட்டுக் கேட்டுப் பெற்ற பொருளைக் கட்டாகக் கட்டிக் கையளித்தல் இயலாது. ஏடு கைம்மாறும், கேள்வி கைம்மாறாது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. முதலியார் 1892இல் மறைந்தார். தாம் முதல்நாள் பெயர் சொல்லிக் கேட்ட மூன்று நூல்களும் அச்சேறியதைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் திருநெல்வேலியில், தாமிரவருணிக் கரையை அடுத்த வண்ணார்பேட்டையில், மற்றொரு கூட்டம் தோன்றியது. டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) இல்லத்தின் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பன் கவியைச் சுவைத்தனர். வட்டத்தொட்டி என்பது அதன் பெயர். கட்டடப் பெயர் கழகப் பெயராக மாறியது தமிழில் ஒரு தனிச்சுவையுடைய நிகழ்ச்சி. தலைவர், செயலர், உறுப்பினர் கட்டணம், நடவடிக்கைக் குறிப்பு என எவையும் இல்லாத ஒரு கழகத்துக்கு வீட்டின் ஒரு பகுதியே பெயர் கொடுத்தது. ஏற்பாடு யாவும் விருந்தோம்பலில் அடங்கின.

கும்பகோணத்து வாசிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே விளங்காத நூலை விளங்கிக்கொள்ளக் கூடினர்; இங்கே விளங்கிய நூலை நுகரக் கூடினர். டி. கே. சி. ஒரு செய்யுளை எடுத்து, அடிகளைத் தாளத்துக்கேற்பப் பிரித்துப் பாடுவார், நிறுத்துவார், மீண்டும் பாடுவார், கவியின் உருவமும் உணர்ச்சியும் ஒன்றுபடும் இடத்தைக் கேட்போர் தாமே கண்டுகொள்ளும்வரை விடார். ஒரு மாலைக்கு ஒரு பாடலே போதும். தமிழ்க்கவிதையைப் பண்டிதர் கையிலிருந்து விடுவித்து வழக்கறிஞர், அரசு அலுவலர், பத்திரிகையாளர் ஆகியோர் காதுக்குக் கொண்டுசேர்த்த பெருமை அவர்க்குரியது. பாஸ்கரத் தொண்டைமானும், பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜனும் அவரைச் சூழ்ந்து வளர்ந்தவர்கள். அவரது வாழ்வின் பிற்பகுதியில் குற்றாலம் இக்கூட்டத்துக்கு நிலைக்களமாயிற்று. இராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினராயினர். 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் அவர்பால் பேரீடுபாடு கொண்டவர்.

ஆனால் இவ்வட்டத்திலே பழகியவர்களுள் ஒருவர் வேறு வழி சென்றார். அவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1923 முதல் 1926 வரை திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருந்தபோது டி. கே. சி.யோடு நெருங்கிப் பழகினார். 1926இல் தமிழ்ப் பேரகராதிப் பதிப்பாசிரியராகச் சென்னைக்குச் சென்றார். கம்பன்பால் இருவர்க்கும் இருந்த காதலில் ஏற்றத்தாழ்வு கூற இயலாது. கம்பன் பாடியது எது என்பதை எவ்வாறு அறிவது என்பதிலேதான் இருவரும் வேறுபட்டனர்.

கம்பராமாயணத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள் வழங்குகின்றன. இவற்றுள் இடைச்செருகல் உண்டு என்பதில் அறிஞர்க்கு ஐயமில்லை. செவியிலும் இதயத்திலும் தைக்காத பாடல் கம்பனுடையது ஆகாது என்பது டி. கே. சி.யின் நெறி. அந்நெறிப்படி மிகப் பல பாடல்களை அவர் விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் ஓசைக்கேற்ப மாற்றிக்கொண்டார். கம்பர் தரும் இராமாயணம் என்னும் அவர் பதிப்பு இந்நெறியின் விளைவு. வையாபுரிப் பிள்ளையோ சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, சான்று காட்டும் வழியையே கொண்டார். 1930களின் இறுதியில் அவர் பதிப்பித்த புறத்திரட்டு அவ்வழிக்கு எடுத்துக்காட்டு. முத்தொள்ளாயிரத்தின் எஞ்சிய செய்யுட்கள் நமக்குக் கிடைத்திருப்பது அத்தொகை நூலின் வாயிலாகவே; அச்செய்யுட்களைத் தமிழர் பலரின் நாவில் நிற்கச் செய்ததோ டி. கே. சி.யின் விளக்கம். ஒருவர் காத்தார், மற்றொருவர் பரப்பினார். இவ்விரண்டும் தமிழுக்கு வேண்டுவனவே எனினும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யப் புகுந்தபோது தீங்கு நேர்ந்தது என்பதை மறைத்தற்கில்லை. சுவைத்தற்கு உரிய செவி நூலைத் திருத்தும் கருவியாக அமைந்ததே டி. கே. சி. பதிப்பின் குறை.

இக்குறை ஒருவரது மனப்போக்கால் மட்டும் விளைந்தது என்பதினும், கூட்டத்தின் அமைப்பாலும் விளைந்தது என்பதே பொருந்தும். கும்பகோணத்தில் இல்லத்தலைவர் வினவுபவர். விருந்தினர் விடை காணவேண்டியவர். விடை காணாவிடின் கூட்டம் மேலே செல்லாது. வெளியே சென்று சமணரைக் கேட்க நேரும், சுவடியைத் தேட நேரும். வண்ணார்பேட்டையிலோ இல்லத்தலைவரே பாடுபவர். விருந்தினர் கேட்டு மகிழ்பவர். அன்பும் நன்றியும் நிறைந்த அவையில் மறுப்புரை எழுவது கடினம். உண்டு மகிழ்ந்த இல்லத்தில் அந்தப் பாடத்துக்குச் சுவடியில் சான்று உண்டா என்று எவர் கேட்பார்? அவ்வினாவைச் சென்னையிலிருந்து நூல்நிலையத்தின் நடுவே அமர்ந்து கேட்பது எளிதாயிற்று. ஆகவே இருவர் பிரிவை இரு கொள்கையின் பிரிவாக மட்டும் கொள்ளாமல், இருவர் அமர்ந்த இடங்களின் பிரிவாகவும் கொள்ளுதல் தகும்.

இவ்விரண்டு கூட்டங்களும் எவர்க்கு வாயில் திறந்திருந்தன என்பதும் எண்ணத்தக்கது. கும்பகோணத்தில் அந்தண ஆசிரியரும், வேளாள முனிசீப்பும், சமணக் குடும்பத்தினரும் ஒரு நூலைப் பற்றிச் சேர்ந்தனர். அக்காலத்துக்கு அது சிறிய செயலன்று. ஆயினும் இரண்டு கூட்டங்களும் கற்றாரும் வசதியுடையாரும் அமைத்தவையே. திண்ணை அகன்ற வீடும், ஒழிந்த மாலைப்பொழுதும், விருந்திடும் வளமும் உடையார்க்கே இது கூடிற்று. வீட்டின் முகப்பில் கூடும் கூட்டம் வீட்டின் வழக்கங்களுக்குக் கட்டுப்பட்டது. எவரை உள்ளே அழைக்கலாம் என்னும் சாதி வரையறையும் அவ்வழக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பொதுக்கழகங்களும் நூல்நிலையங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தோன்றிய பின்னரே அவ்வாயில் ஓரளவேனும் அகன்றது.

வட்டத்தொட்டிக்கு நடவடிக்கைக் குறிப்பு இல்லை என்றோம், அக்குறையை டி. கே. சி. நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் நிரப்புகின்றன. பிரிந்திருந்த காலத்தில் அவர் கூட்டத்தைக் கடிதத்திலேயே நடத்தினார் எனலாம். அவை தொகுக்கப்பெற்று நூலாகவும் வந்துள்ளன. கும்பகோணத்து வாசிப்புக்கோ முதன்மையான சான்று ஒன்றே: சாமிநாதையர் எழுதிய என் சரித்திரம். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கழிந்தன என்பதை ஆய்வாளர் மனத்திற் கொள்ளவேண்டும். உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் மெய்யென்று கொள்ளாமல், நாளும் நூலும் ஆளும் பற்றிய செய்திகளை முதன்மையாகக் கொள்ளுதல் நலம். அத்தன்வரலாறு 1940 சனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது, 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்றது, 1950இல் நூலாயிற்று. அது வெளிவரத் தொடங்கியபோது அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர், குற்றாலத்து விருந்தினருள் ஒருவராக மேலே குறிக்கப்பெற்ற கல்கி.